கறுப்பு வயரில் போட்ட சுவிட்ச்

போன வருடக் கோடை விடுமுறையில், கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. உளுந்து பறித்து முடித்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. வாய்க்காலில் பொக்லைன் இறங்கித் தூர் வாரிக்கொண்டிருந்தது. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாளாகும். காத்திருப்பது இந்தப் பக்கத்து மண்ணுக்கும் மனிதர்களுக்கும் புதிது அல்ல.

நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. என் கணவர் சவுதியில், கடலோரத்துப் பழைய ஆலை ஒன்றில் எலெக்ட்ரீஷியன். திருமணமான மறு வருடம் போனவர், அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வந்து, இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். வெளிநாட்டில் பிழைப்பவரைச் சபுராளி என்போம். சபுராளி வீடுகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மின்விசிறி சத்தம் போட்டாலும், மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும், கதவு தரையில் உரசினாலும், அப்போதைக்கு ஓர் ஆளை வைத்து ஒப்பேற்றுவோமே தவிர, முழுதாகச் சரிசெய்வது அவர் வரும்போதுதான். போனில் எதைச் சொன்னாலும் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் ஒன்றே. "நான் வந்து பாத்துக்கிறேன் புள்ள."

வந்ததும் உண்மையிலேயே பார்த்துக்கொள்வார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஏணியைத் தேடுவார். லீவின் முற்பாதி ஏணியிலும், பிற்பாதி சொந்தக்காரர் வீட்டு விருந்துகளிலும் கழிந்துவிடும். அவர் போன பிறகு வீட்டில் எல்லா விசிறியும் சத்தமில்லாமல் சுழலும். அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

அவருக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை. இருவருக்கும் பொதுவாக ஒரு நாள் அமைவதே அபூர்வம். ஆரம்ப வருடங்களில் ஒரு போனுக்காகப் பக்கத்து வீட்டு வாசலில் காத்து நின்றிருக்கிறேன். அப்போது பேச எவ்வளவோ இருந்தது. இப்போது போன் எந்நேரமும் கையில் இருக்கிறது, பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டாயா, மழை உண்டா, மகள் பேசினாளா. இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். யார் மீதும் தவறு இல்லை. ஒரே வீட்டில் புழங்குகிறவர்களுக்குப் பேச்சை வீடே எடுத்துக் கொடுக்கும். எங்களுக்கு அது இல்லாமல் போயிற்று.

எங்கள் ஒரே மகள் அந்த வருடம் மாசியில்தான் தாயாகியிருந்தாள். பேறுகாலத்து நாற்பது நாள் இங்கே கழிந்து சென்னைக்குத் திரும்பிவிட்டாள். மருமகன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அதைப் போனில் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த மகள், சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"அம்மா, அத்தா என்னைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி ஒரு போட்டோகூட நம்மகிட்ட இல்லையா?"

குறைப்படுகிற குரலில் அவள் கேட்கவில்லை. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு ஆழமாகத் தைத்தது. தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேனே தவிர, இல்லை என்று எனக்குத் தெரியும். புயலடித்த ஒரு வருடம் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறிப்போயின. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தபோது முகங்கள் தாளைவிட்டு உரிந்து வந்தன. அந்த ஆல்பங்கள் நன்றாக இருந்த காலத்திலும் அவற்றில் அவர் கிடையாது. கேமரா அவர் கொண்டுவந்தது. படம் பிடிப்பவரும் எப்போதும் அவரே. மகள் தவழ்வது, நடப்பது, பள்ளிச் சீருடையில் நிற்பது, எல்லாம் அவர் கண் வழியே பார்த்தவை. பார்த்தவர் மட்டும் எங்கும் இல்லை.

அன்று மாலை மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது ஒன்று நினைவுக்கு வந்தது. மகள் பிறந்தபோது அவர் சவுதியில் இருந்தார். முதன்முதலாக அவளைப் பார்க்க வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. வந்த அன்று காலையிலேயே கேமராவில் புது ரோலை மாட்டி, என் கையில் கொடுத்து, சும்மா ஒரு தடவை அமுக்கிப் பார் என்றார். நான் அமுக்கியபோது அவர் மகளைத் தூக்கியிருந்தார். பிறகு ரோலைக் கழுவக் கொடுத்தபோது ஸ்டூடியோக்காரர், முதல் படம் விழவில்லை, ரோல் மாட்டும்போதே வெளிச்சம் பட்டுப் பாதி எரிந்துவிட்டது என்று சொல்லி அதைப் பிரிண்ட் போடாமலே விட்டுவிட்டார். பாதி எரிந்தது என்றால் மீதிப் பாதி இருக்க வேண்டும்.

நெகடிவ்கள் பரணில் இருந்தன. அவர் கொண்டுவந்த பால் மாவு டப்பா ஒன்றில், தண்ணீர் எட்டாத உயரத்தில், சுருள் சுருளாக. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிறு சிறு செம்பழுப்புச் சதுரங்கள். கை நடுங்கினால் உருவமும் நடுங்கியது. எது முகம், எது சுவர் என்று பிரிக்க முடியவில்லை. திருவாரூரில் விசாரித்தால், இப்போதெல்லாம் ஃபிலிம் வேலை எடுப்பதில்லை, கொடுத்தால் சென்னைக்கு அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். டப்பாவைக் கைமாற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

மகள்தான் வழி சொன்னாள். ஒரு பெட்டிக்குள் விளக்கு, மேலே பால் நிறத்தில் ஒரு தகடு. அதன் மேல் நெகடிவை வைத்துப் போனில் படம் எடுத்தால், போனே நிறங்களைப் புரட்டிப்போட்டு நிஜப் படமாக்கிவிடும். அப்படிப்பட்ட ஒளிப்பெட்டி கடையிலேயே கிடைக்கிறது, ஆர்டர் போட்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்றேன். அவள் ஆச்சரியப்பட்டாள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. கம்பி, ஹோல்டர், சுவிட்ச் என்று ஒரு வேலை வைத்திருந்தால் அவரிடம் பேச எனக்கு ஒன்று கிடைக்கும். அதுதான் காரணம்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் வழக்கம்போல, "நான் வந்து பாத்துக்கிறேன்" என்றார்.

"நீங்க வர ஒன்றரை வருசம் இருக்கு மச்சான். இதை நான் பாத்துக்கிறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சிரித்தார். டீச்சருக்கே பாடம் எடுக்கணுமா என்று கேட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகள் வேறு மாதிரி ஆயின. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து அவர் வீடியோவில் வருவார். இங்கே நான் போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் பெட்டியைப் பற்றியே பேசினோம். நான் பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும், தகரமே வேண்டாம், உள்ளே ஒரு வயர் தோலுரிந்தால் டின் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும் என்றார். அவருடைய பழைய மேசையின் மர இழுப்பறையை உருவி எடுத்தேன். உட்புறம் பளபளக்கட்டும் என்று அலுமினியத் தாளை ஒட்டப் போனேன். அதற்கும் தடை. வெள்ளைப் பெயின்ட் அடித்தால் போதும், வெளிச்சத்துக்கு அலங்காரம் வேண்டாம் என்றார். சூடு வெளியேறப் பக்கவாட்டில் துளைகள் போடச் சொன்னார். வயர் உள்ளே நுழையும் இடத்தில் அதை ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தச் சொன்னார். வெளியே யாராவது கால் தடுக்கி இழுத்தால் அந்த இழுப்பு முடிச்சோடு நிற்க வேண்டும், உள்ளே திருகிய இடத்துக்குப் போகக் கூடாது. வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகத்தைச் சுளித்தார். திருகாணி வைத்த கனெக்டர்தான் வாங்க வேண்டும் என்றார்.

மயிலாடுதுறையில் விளம்பரப் பலகை செய்யும் கடையில் பால் நிற அக்ரிலிக் துண்டு கிடைத்தது. உள்ளூர்க் கடையில் இரண்டு பல்பு ஹோல்டர், ஒரு சிறு சுவிட்ச், சிவப்பு, கறுப்பு, பச்சை என மூன்று வயர் கொண்ட கேபிள். மூன்று முள் பிளக்கைக் கடைக்காரரே கேபிளில் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் எனக்குப் பழக்கியது டெஸ்டரை. அவருடைய முதல் லீவில் வாங்கி வீட்டிலேயே விட்டுப்போன டெஸ்டர் அது. மஞ்சள் பிடி வெளுத்து எலும்பு நிறமாகியிருந்தது. கரண்ட் இருக்கும் இடத்தில் நுனியை வைத்து, பிடியின் தலையில் விரலை வைத்தால், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எரியும். பெட்டியைத் திறக்கும்போது பிளக் சுவரில் இருக்கவே கூடாது. ஈரக் கை கூடாது. வெறுங்கால் கூடாது. இதையெல்லாம் செய்த பிறகும், எதையும் தொடுவதற்கு முன்னால் டெஸ்டரை வைக்க வேண்டும். அதற்கும் முன்னால், டெஸ்டர் வேலை செய்கிறதா என்று ஒரு நல்ல சாக்கெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"யார் சொன்னாலும் நம்பாத. நான் சொன்னாலும் நம்பாத. டெஸ்டர் சொன்னா நம்பு."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சாப்பிட உட்காரும்போது பிஸ்மில்லாஹ் சொல்வதுபோல அதைப் பழக்கிக்கொண்டேன்.

கடைசியாக வயர் பூட்டும் நாள் வந்தது. எர்த் வயரான பச்சையைக் கனெக்டரிலேயே தனியாக நிறுத்தச் சொன்னார். கறுப்பை நடுவில் வெட்டிச் சுவிட்சைப் போடு, சிவப்பு நேராக ஹோல்டருக்குப் போகட்டும் என்றார். அப்படியே செய்தேன். போனை அருகே கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துத் தலையசைத்தார். பிளக்கைச் செருகிச் சுவிட்சைத் தட்டினேன். இழுப்பறை முழுக்க வெளிச்சம் நிறைந்தது. அணைத்தேன், அணைந்தது. மறுபடி போட்டேன். கை தட்டிச் சிரிக்கலாம்போல இருந்தது. அவர் அங்கே யாரையோ கூப்பிட்டு, என் வீட்டில் செய்ததைப் பார் என்று போனைத் திருப்பிக் காட்டினார். முகம் தெரியாத ஒருவர் எனக்குச் சலாம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் அழைப்பதற்கு முன்பே பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்புகள் இருந்த இடத்தில் தகட்டின் மேல் இரண்டு கண்கள்போல வெளிச்சம் திட்டாகத் தெரிந்தது. குறைந்த வாட் பல்பு மாட்டினால் சரியாகும் என்று நினைத்தேன். பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். பிளக் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. கையை வளைத்து நுழைத்தால்தான் எட்டும். சுவிட்ச்தான் இருக்கிறதே, அதுவும் என் கையாலேயே போட்டது. முன்னறையை அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்திருந்தேன். செருப்பு வாசலில் கிடந்தது. ஒவ்வொன்றும் அவர் சொன்னதற்கு மாறாக இருந்தது என்பது பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது.

ஒரு பல்பைத் திருகிக் கழற்றினேன். ஹோல்டருக்குள் இரண்டு பித்தளைக் குமிழ்கள் இருக்கும். அதில் ஒன்று அமுங்கிப்போய் மேலே எழும்பாமல் இருந்தது. சுட்டுவிரல் நகத்தால் நெம்பிவிடலாம். விரலைக் கொண்டுபோனேன். நாள்தோறும் செய்து பழகிய கை என்பதால், மறு கை தானாகவே டெஸ்டரை எடுத்தது. விரலுக்கு முன்னால் அதன் நுனி குமிழைத் தொட்டது.

ஆரஞ்சுப் பொட்டு எரிந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. சுவிட்சைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. மற்றொரு பல்பு இருண்டு கிடந்தது. பெட்டிக்குள் எங்கும் வெளிச்சம் இல்லை, டெஸ்டரில் மட்டும் அது நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. என் விரல் அந்தக் குமிழிலிருந்து ஓர் உளுந்தளவு தூரத்தில் இருந்தது. உடம்பின் ஈரமெல்லாம் உள்ளங்காலில் இறங்கியதைப்போல உணர்ந்தேன். மெல்ல எழுந்துபோய் மெயினை இறக்கினேன். பிளக்கைப் பிடுங்கினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, பெட்டியிலிருந்து தள்ளி உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"என்ன டீச்சர், கண்காட்சிக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"சுவிட்சை அணைச்சுட்டேன் மச்சான். ஹோல்டர்ல டெஸ்டர் எரியுது."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிளக்கைப் பிடுங்கினாயா என்று கேட்டார். பிடுங்கிவிட்டேன் என்றேன். கை வைத்தாயா என்றார். இல்லை என்றேன். கை வைக்கவில்லையே என்று இன்னொரு முறை கேட்டார். பெட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"சுவிட்சு எதுல போட்ட?"

"கறுப்புல. நீங்க சொன்னபடி."

அவருக்குப் பின்னால் இரட்டைக் கட்டிலின் கம்பியில் ஒரு கைலி காய்ந்துகொண்டிருந்தது. யாரோ எழுதிவைத்ததை வாசிப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நம்ம ஊர்ல சிவப்புலல்ல கரண்ட் வரும்."

நான் ஹோல்டருக்குள் நேராகப் போகும் சிவப்பு வயரைப் பார்த்தேன்.

"இங்க கறுப்பு. கறுப்புதான் கரண்டு, வெள்ளை நியூட்ரல். வந்த புதுசுல நம்ம ஊர்க் கலரை மறக்கிறதுக்குப் படாத பாடு பட்டேன் புள்ள. இப்பப் பாரு. மறந்தே போயிட்டேன்."

சிவப்பு வழியாக வந்த மின்சாரத்தைத் தடுக்க அந்தப் பாதையில் எதுவும் இல்லை. அது நேராக ஹோல்டருக்குள் வந்து நின்றது. சுவிட்ச் அடைத்தது திரும்பிப் போகும் வழியை மட்டும். அதனால் விளக்கு அணைந்தது. நான் விரலை வைத்திருந்தால், அடைபட்ட அந்த வழியை என் உடம்பு திறந்துவிட்டிருக்கும். ஒவ்வொரு லீவிலும் வீட்டு வேலையெல்லாம் பார்த்தீர்களே, அப்போது எப்படி என்று கேட்டேன். கையில் டெஸ்டர் இருக்கும், அது சொல்லிவிடும் என்றார்.

"போன்ல வாய்தான சொல்லுது. வாய் இந்த ஊர் வாயாப் போச்சு."

பிறகு, "அதை அப்படியே மூடி வச்சிடு. நான் வந்து..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எத்தனையோ வருடங்களாகக் கேட்ட வாக்கியம். மீதியை நானே முடித்துவிடலாம்.

"நீங்க சொல்லுங்க, நான் மாத்திப் போடுறேன்" என்றேன்.

"வேணாம் புள்ள. என் பேச்சை நம்பாத."

"டெஸ்டரை நம்பச் சொன்னதும் நீங்கதான."

அவர், ஆள் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்கக் காலையில் ஒரு சலாம் மட்டும் எழுத்தில் வந்தது. பெட்டியை ஒரு பழைய துப்பட்டாவால் மூடி வைத்திருந்தேன். உயிர் தப்பியதைக் காட்டிலும் அவர் முகம்தான் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்தது. பயந்த முகம் அல்ல அது. ஊருக்குள் வந்து, தன் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டு நிற்கிற முகம். இவ்வளவு காலமும் அவர் இல்லாமல் நான் இருந்த வருடங்களைத்தான் நினைத்து வந்தேன். இந்த வீடு இல்லாமல் அவர் இருந்த வருடங்கள் அவருக்குள் என்னவெல்லாம் மாற்றிவைத்தன என்று யோசித்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே அழைத்தார். கையில் ஓர் அட்டை. அதில் பிளக், சுவிட்ச், இரண்டு ஹோல்டர் எல்லாம் வரைந்து, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, கறுப்பால் ஒரு கோடு போட்டிருந்தார். அட்டையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, "இது நம்ம ஊரு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கறுப்பின் வெட்டைக் கனெக்டரில் இணைத்தோம். சிவப்பை வெட்டிச் சுவிட்சை அதில் போட்டோம். அவர் ஒவ்வொரு நிறத்தையும் என்னை உரக்கச் சொல்லவைத்து, தானும் கூடவே சொன்னார். எங்கள் முதல் வகுப்புப் பிள்ளைகள் பாடம் சொல்வதுபோல இருந்தது. செருப்புப் போட்டு, கையைத் துடைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சை அணைத்து, டெஸ்டரை வைத்தேன். பொட்டு எரியவில்லை. இதோடு போதாது, வேறு ஒருவர் கண்ணும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி, தெருக்கோடியில் இருக்கும் வயர்மேனை அழைத்துக் காட்டச் சொன்னார். வயர்மேன் வந்து, திறந்து சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பெட்டியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. சரியான பல்பும், தகட்டுக்கு அடியில் ஒரு ட்ரேசிங் தாளும் வைத்ததில் அந்த இரண்டு கண்களும் மறைந்து, வெளிச்சம் ஆடை படிந்த பாலைப்போலச் சமனாக நின்றது.

ஜன்னலை மூடிவிட்டு, பால் மாவு டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு சுருளின் முதல் படத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். சில முழுதும் கறுத்துக் கிடந்தன. சிலவற்றில் விசிறியின் இறக்கை, யாரோ ஒருவரின் கால், பந்தலின் மூலை. டப்பாவின் அடியில் இருந்த சுருளில் அது இருந்தது. ஒரு பாதி எரிந்து கறுத்திருந்தது. மறு பாதியில் ஒருவர் நின்றார்.

நெகடிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா. வெள்ளைச் சட்டை கறுத்துத் தெரிந்தது. முகம் நீலம் பாரித்து இருண்டிருந்தது. தலைமுடி மட்டும், அன்றைக்குக் கன்னங்கரேல் என்றிருந்த அந்த அடர்ந்த முடி மட்டும், பளீரென்று செம்பட்டையாக எரிந்தது. நரை விழுந்த பிறகு இப்போது அவர் தலைக்கு மருதாணி வைத்துக்கொள்கிறார். அதே நிறம். அப்படியே இன்றைக்கு வீடியோவில் வருகிற தலை. இனி ஒருநாள் திரும்பி வரப்போகிறவர் அந்த முதல் நாளே வந்து, நாங்கள் அறியாமல், பரணில் ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்ததைப்போல எனக்குத் தோன்றியது. நிறத்தைப் புரட்டாமல் வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு போனில் புரட்டினேன். முடி கறுத்தது. இளமை வந்தது. அவர் கைகளில் மகள். கண்ணை இடுக்கி, வாயைக் கோணி, உடம்பையெல்லாம் என் பக்கமாக வளைத்து அழுகிறாள். யாரோ ஒரு புது ஆள் தன்னைத் தூக்கிவிட்டார் என்கிற அழுகை. அவர் அதைப் பார்க்கவில்லை. சிரித்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை எப்படி மகளுக்கு அனுப்புவது என்று தயங்கினேன். மறைக்கவும் மனமில்லை. அனுப்பினேன். பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று. படத்தைப் பெரிதாக்கி, ஒரு மூலையை மட்டும் வெட்டித் திருப்பி அனுப்பியிருந்தாள். கூடவே குரல் பதிவு. "நல்லாப் பாருங்கம்மா. அழறேன், ஆனா அத்தா சட்டைய விடல."

உண்மைதான். முகத்தைப் பார்த்து நான் தவறவிட்டதை அவள் பார்த்துவிட்டாள். குட்டி விரல் ஐந்தும் அவருடைய சட்டைக் காலரைச் சுருட்டிப் பிடித்திருந்தன.

அவருக்கு நான் முதலில் புரட்டாத படத்தையே அனுப்பினேன். "இது யாரு புள்ள, மருதாணித் தலையன்?" என்று கேட்டு எழுதினார். பிறகு புரட்டியதை அனுப்பினேன். அதற்கு எழுத்தில் எதுவும் வரவில்லை. மறு வெள்ளிக்கிழமை அழைத்தபோது, நம் வீட்டு வாசல் கதவுக்கு இப்போது என்ன பெயின்ட் என்று கேட்டார். பச்சை என்றேன். மோட்டார் அறைக்குப் போகிற வயர் என்ன நிறம், கிணற்று உருளைக்கு மாற்றிய கயிறு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். அன்று பேச்சு வற்றவில்லை. அங்கே தங்குவதற்கான அனுமதியான இக்காமா முடிந்ததும் புதுப்பிக்கப் போவதில்லை என்று நடுவில் ஒரு வார்த்தையும் சொன்னார். இதற்கு முன்னும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

இந்த வருடமும் மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்துவிட்டது. எங்கள் வாய்க்கால் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. ஒளிப்பெட்டி அவருடைய மேசை மேல் இருக்கிறது. நெகடிவ்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன், ஆனாலும் சில பிற்பகல்களில் அந்த முதல் படத்தை மட்டும் எடுத்து வைத்துப் பார்ப்பேன். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு தடவை டெஸ்டரை வைத்துத்தான் மூடுகிறேன். இப்போது அது எரிவதில்லை, எரியவும் கூடாது. ஆனால் அன்று அணைந்த விளக்குக்குள் சத்தமில்லாமல் வந்து காத்து நின்ற அந்த ஆரஞ்சுப் பொட்டை நினைக்கும்போதெல்லாம், போனில் பேச்சு நின்றுபோய் மூச்சு மட்டும் கேட்ட அத்தனை வருடங்களையும், ஒன்றுமில்லாத வருடங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.